மேலதிக நேரக் கொடுப்பனவு

நகர மண்டப வாசலில் மான் ஒன்று
என் அழைப்பாணையின் ஓரத்தைக் கடித்துவிட்டது.
திகதி போயிற்று. இலக்கம் மிச்சம்.
சாட்சி பதினேழு.
திருகோணமலை மான்கள் எதையும் தின்னும்:
வாழைப்பழத் தோல், பொலித்தீன், தேர்தல் துண்டுப்பிரசுரம்.
காவலாளி சிரித்தான். நானும் சிரித்தேன்.

உள்ளே மூன்று மின்விசிறிகள், ஒன்று ஓடவில்லை.
ஆணைக்குழுத் தலைவருக்குச் செவ்விளநீர்.
முன்னாள் மேலதிகச் செயலாளர்
குளிசை போடும் நேரத்துக்கு
மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில சம்பவங்கள் இடம்பெற்றிருக்கலாம்" என்றார்.
இடம்பெறுதல்.
கொட்டியாரக் குடாவில் காற்றுத் திரும்புவதுபோல,
ஆளில்லாமல்.
"உத்தரவென்று எழுத்தில் ஒன்றுமில்லை."
அது உண்மை.
எழுத்தில் இருந்தது வேறொன்று.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது.
அவர்கள் அடித்தார்கள், நான் மொழிபெயர்த்தேன்.
அந்த வசனத்தை வேறு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன்,
சரிவரவில்லை.
எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போகும் வழியில்
ஜன்னல் இல்லாத களஞ்சியம்.
கேள்வி சிங்களத்தில் வரும்.
நான் தமிழில் கேட்பேன்,
"நீங்கள்" என்று, மரியாதையாக.

சாம்பல்தீவுத் தர்மகுலன்.
மீன் வாடியில் ஐஸ் உடைக்கிறவன்.
மூன்றாம் இரவு, அதிகாரி சிகரட் பற்றவைத்த இடைவெளியில்
என்னைத்தான் கேட்டான்:
"அண்ணை, உங்கட ஊர் எது?"
என்ன சொல்கிறான், என்றார் அதிகாரி.
ஒன்றுமில்லை, சேர்.
பாலையூற்று என்று சொல்லியிருக்கலாம்.
மூன்று மைல் தூரம்கூட இல்லை.

வாக்குமூலம் பதினொரு பக்கம், தட்டச்சில், சிங்களத்தில்.
வலக்கை உடன்படாததால் இடக்கையால் ஒப்பமிட்டான்.
கீழே என் ஒப்பம்:
"வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது."
யார் வாசித்தது?
அந்த மொழிக்கு என்னைப் பழக்கியவர்கள்
ஆளை மறைக்கத்தான் முதலில் பழக்கினார்கள்.

மாதக் கடைசியில் கணக்குக் கிளை றபியுதீன் கூப்பிட்டார்.
இரவு வேலைக்கு வவுச்சர் போடாவிட்டால்
கணக்காய்வில் சிக்கலாம்.
மூன்று பிரதி எழுதினேன்.
கடமையின் தன்மை: விசாரணைக்கு உதவி.
இடம்: களஞ்சியம்.
தடுப்பிலுள்ளவர்: நா. தர்மகுலன்.
நேரம்: இரவு ஒன்பது தொடக்கம் விடிய நாலு.
நான்கு இரவுகள்.

கொழும்பிலிருந்து அது திரும்பி வந்தது.
ஒவ்வொரு இரவிலும்
ஏழு என்பதை வெட்டி ஆறு என்று திருத்தி,
பச்சை மையில்:
"அனுமதிக்கப்பட்டது. இத்தகைய விசாரணைகளுக்கு இனிமேல்
இரவொன்றுக்கு ஆறு மணித்தியாலம் மட்டும்."
ஒப்பம். பதவி முத்திரை.

வாசிக்காமல் ஒப்பமிட்டவன் நான்.
அவர் வாசித்திருக்கிறார்.

அந்தத் தாளை இன்று மேசையில் வைத்தேன்.
சட்டத்தரணி எழும்பினார்:
இது வெறும் காசுக் கணக்குத்தானே?
ஓம்.
காசை எடுத்தீரா?
எடுத்தேன்.
என்ன செய்தீர்?
மேசை மின்விசிறி ஒன்று வாங்கினேன்.
இன்னும் ஓடுகிறது.
மண்டபத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

செயலாளர் கண்ணாடியைப் போட்டார்.
தன் கையெழுத்தைப் பார்த்தார், நெடுநேரம்,
பழைய மாணவர் படத்தில் தன்னைத் தேடுகிறவர்போல.
பிறகு சொன்னார்:
"அமைச்சர் செலவைக் குறைக்கச் சொன்னார்."

காலையிலிருந்து அந்த மண்டபத்தில்
எழுவாய் உள்ள முதல் வசனம் அது.
சட்டத்தரணி அவர் முழங்கையைத் தொட்டார். தாமதம்.
தட்டச்சுக்காரி அடித்து முடித்துவிட்டாள்.
தலைவர் தேநீர் இடைவேளை அறிவித்தார்.

வெளியே, தபால் பெட்டிக்குப் பக்கத்தில்
தர்மகுலனின் தமக்கை நின்றாள்.
மன்னிப்பென்று ஒரு சொல்லை
இரண்டு மொழியிலும் கொண்டுவந்திருந்தேன்.
அவள் அதற்கு இடம் தரவில்லை.

"அவர் வெட்டின மணித்தியாலம்," என்றாள்,
"அது எது?
முதலாவதா, கடைசியா?"